சிவப்புக் குடையின் பின்பக்கம்

"கண்ணாடிக்குள்ள போட்டுட்டா பூவுக்கு மூச்சு முட்டாதாம்மா?"

ஐந்து வயதில் கடைக்காரரின் மகள் கேட்ட கேள்வி இது. படங்களுக்குச் சட்டம் போடும் அவர்களுடைய கடையில், யாரோ கொண்டுவந்த பூத்தையல் ஒன்றின் மேல் கண்ணாடியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்கள். கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவள் அம்மா மட்டும் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். பூ உண்மையிலேயே நசுங்கித்தான் கிடந்தது.

அன்றிலிருந்து அந்தக் கடையில் சட்டத்தின் உள்விளிம்பில் ஒரு மெல்லிய மரக்கீற்றைப் பொருத்துகிறார்கள். கண்ணாடி ஒரு பக்கம் நிற்கும், துணி ஒரு பக்கம் நிற்கும், நடுவில் கொஞ்சம் காற்று இருக்கும். கேட்டவள் இப்போது கல்லூரி விடுதியில் இருக்கிறாள். கேள்வி மட்டும் கடையிலேயே தங்கிவிட்டது.

கடைக்காரரைத் தெரு முழுக்க 'மில்லிமீட்டர்' என்றுதான் கூப்பிடும். அளந்ததை மறுபடி அளப்பார். அளந்த டேப் சரியானதுதானா என்று இன்னொரு டேப்பை வைத்து அதையும் அளப்பார். அப்பேர்ப்பட்டவர் ஒரு வாரமாகச் சரியில்லை. காரணம் அவருடைய அக்கா.

அக்கா வேலை பார்த்த ஆயத்த ஆடைக் கம்பெனியை மூன்று வருடம் முன்பு மூடிவிட்டார்கள். தனியாள். தம்பி வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கைவேலை விட்டுப்போகவில்லை. வெள்ளைப் பருத்தித் துணியில் கெட்டில், சாவிக்கொத்து, மடக்கு நாற்காலி, தேய்ந்துபோன செருப்பு என்று வீட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகத் தைத்து வந்தார். மொத்தம் ஏழு. ஏழாவது, தண்ணீர் வடிய மாட்டி வைத்த ஒரு சிவப்புக் குடை.

போன வாரம் பொது நூலகத்துச் செயலாளரம்மா அவற்றைப் பார்த்துவிட்டார். ஏழையும் நூலகக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்றார். அதோடு, அங்கே புதிதாகத் தொடங்கும் தையல் வகுப்புக்கு ஆசிரியையாக வர முடியுமா என்றும் கேட்டார். சம்பளம் உண்டு. மாடியில் தங்க ஓர் அறையும் உண்டு.

அக்கா அதைச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னார். மில்லிமீட்டர் தட்டைப் பாதியில் தள்ளிவிட்டு எழுந்தார். "என் வீட்ல உனக்கு என்ன குறை?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் கை கழுவப் போய்விட்டார்.

இன்று வியாழக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்குச் செயலாளரம்மா கடைக்கு வந்து ஏழு படங்களையும் பார்ப்பார். பார்த்துவிட்டு வகுப்பு விஷயத்தை உறுதி செய்வதாகச் சொல்லியிருந்தார்.

காலை எட்டரைக்கு மில்லிமீட்டரின் மனைவி கடையைத் திறந்தார். ஆறு படங்கள் சட்டம் போட்டுத் தயாராக நின்றன. ஏழாவது, வெட்டுமேசை மேல் குப்புறக் கிடந்தது. அதன்மேல் இரண்டு கனமான புத்தகங்கள்.

புத்தகங்களை எடுத்துவிட்டு மனைவி படத்தின் பின்பக்கத்தை விரலால் தடவினார்.

கைத்தையல் துணிக்குச் சட்டம் போடும்போது அதை அட்டையில் ஒட்டக்கூடாது. துணியை அட்டைமேல் விரித்து, ஓரங்களைப் பின்பக்கம் மடித்து, ஊசி நூலால் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்ட வேண்டும். கயிற்றுக் கட்டில் பின்னுகிற மாதிரி. ஒரு படத்துக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும். என்றைக்கு வேண்டுமானாலும் நூலை வெட்டித் துணியைச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம். முதல் ஆறையும் மனைவிதான் அப்படிக் கட்டினார். ஏழாவதை எடுக்கும்போது, "நீ போ, நான் பார்த்துக்கறேன்" என்றார் கணவர். நாலு நாள் தொடவே இல்லை. நேற்றுக் கடை சாத்துகிற நேரத்தில்தான் எடுத்தார்.

குடையின் பின்பக்கத்தில் ஒரு நூல் கூட இல்லை. மடிப்பு நான்கும் பசையில் படிந்திருந்தன. முன்பக்கம் திருப்பினார். கைப்பிடிக்குப் பக்கத்தில் வெள்ளைத் துணியில் எண்ணெய் பட்டது போல ஒரு நிழல் எட்டிப் பார்த்தது. அட்டை முழுக்கப் பசை தடவியிருக்கிறார்.

மில்லிமீட்டர் உள்ளே வந்தார்.

"என்னங்க இது?"

"எது?"

"ஒட்டியிருக்கீங்க."

"ஒட்டினா என்ன? ஊரு முழுக்க ஒட்டித்தான் போடறான்."

"ஊரு போடட்டும். நம்ம கடையில ஒட்டறதில்லையே. உங்க அக்கா வேற மூணு தடவை சொன்னாங்க, பசை வேண்டாம், பசை வேண்டாம்னு."

"காஞ்சா தெரியாதுன்னு நெனச்சேன்."

"நீங்களா? கண்ணாடியில ஒரு தூசி இருந்தா பிரேமையே பிரிக்கிற ஆளு நீங்க." மனைவி குரலை உயர்த்தவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தெரியாம பண்ணீங்களா, தெரிஞ்சு பண்ணீங்களா?"

மில்லிமீட்டர் டேப்பை எடுத்து இடுப்பில் மாட்டினார். "கண்ணாடி வாங்கப் போகணும்" என்று வெளியே நடந்தார். கடையில் கண்ணாடி பன்னிரண்டு தகடு இருந்தது.

அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று மனைவி வாசலில் நின்று யோசித்தார். யோசித்து முடிப்பதற்குள் அக்காவே வந்துவிட்டார். எட்டிப் பார்த்தார். கைப்பிடிக்குப் பக்கத்திலிருந்த நிழலை விரல் நுனியால் தொட்டார். ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டார். கோபம் வரும்போதெல்லாம் அவர் செய்கிற சின்னப் பிரார்த்தனை அது. என்ன வேண்டிக்கொள்வார் என்று யாருக்கும் தெரியாது.

கண்ணைத் திறந்ததும், "ஹார்ட்போர்டுப் பலகையா, அட்டையா?" என்று கேட்டார்.

"அட்டைதான் அண்ணி."

"அப்பப் பொழைச்சோம்."

"தண்ணியில ஊற வெச்சா விட்டுடும்ல?"

"ஊற வெச்சா சிவப்பு சாயம் இறங்கிடும். அஞ்சு விதச் சிவப்பு நூல் இருக்கு இதுல. குடை பூராவும் சேர்ந்து அழும்." அக்கா ஈரப் பஞ்சால் ஒரு மூலை நூலைத் தொட்டுக் காட்டினார். பஞ்சு இளஞ்சிவப்பானது. "துணியை அட்டையில இருந்து உரிக்கக் கூடாதும்மா. அட்டையைத் துணியில இருந்து உரிக்கணும்."

அட்டை என்பது தாள்மேல் தாளாக ஒட்டிய அடுக்குத்தானே. பழம் வெட்டும் மொண்ணைக் கத்தியால் பின்பக்கமிருந்து ஒவ்வோர் அடுக்காகக் கிளப்பி உரித்துக்கொண்டே வந்தால், கடைசியில் துணியோடு ஒரே ஒரு தாள் மிஞ்சும். அதை மட்டும் ஈரத்துணியால் ஒற்றி ஒற்றி, நகத்தளவு நகத்தளவாக எடுக்க வேண்டும். இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள்.

யார் ஒட்டியது என்று அக்கா கேட்கவே இல்லை. அதுதான் மனைவிக்குப் பெரிய தொந்தரவாக இருந்தது.

"அண்ணி, அவர் மேல கோவம் இல்லையா?"

"இருக்கு. நாலு மணிக்கு மேல வெச்சுக்கலாம். இப்ப கை நடுங்கும்."

இரண்டாவது அடுக்கு வந்தது. மூன்றாவது பாதியில் கிழிந்தது. வாடிக்கையாளர் ஒருவர் வந்து பரீட்சைச் சான்றிதழுக்குச் சட்டம் கேட்டார். மனைவி எழுந்துபோய் அளவெடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நீங்க போறது அவருக்குப் பிடிக்கலை" என்றார்.

"தெரியும்."

"எனக்கும்தான் பிடிக்கலை. ஆனா நீங்க போகணும்னும் தோணுது. இது என்ன மனசோ, போங்க."

அக்கா சிரித்தார். "இங்க ஒரு குறையும் இல்லம்மா. குறை இருந்தாத்தானே சொல்லிட்டுப் போக முடியும்? குறையே இல்லாத வீட்ல இருந்து கிளம்பறதுதான் கஷ்டம்." கத்தியைத் துடைத்தார். "பூட்டைப் போட்டுட்டு வெளிய போகணும். திரும்பி வந்து நானே திறக்கணும். கதவைத் தட்டாம உள்ள போகணும். அம்பத்திரண்டு வயசுல இப்படி ஒரு ஆசை. சிரிப்பா இல்ல?"

"இல்ல அண்ணி."

"சிரிப்பா இருந்தா சிரிச்சுக்க. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

மனைவி சிரிக்கவில்லை. ஈரத்துணியைப் பிழிந்து நீட்டினார். நல்ல வேலை நடக்கிற இடத்தில் இப்படித்தான் பேச்சு தானாகக் குறையும். 'கடவுளே, சாயம் மட்டும் இறங்காமப் பார்த்துக்க' என்று மனைவி உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். மதியச் சாப்பாட்டை இருவரும் மறந்தார்கள்.

மூன்றரைக்குத் துணி அட்டையை விட்டு வந்தது. சாயம் இறங்கவில்லை. ஆனால் துணி விறைத்திருந்தது. ஓரங்களில் தாள் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கைப்பிடிக்குப் பக்கத்து நிழல் கட்டைவிரல் நகமளவுக்குச் சுருங்கி நின்றது. அதற்கு மேல் போக மறுத்தது.

கண்ணாடி வாங்கப் போன மில்லிமீட்டர் வெறுங்கையோடு திரும்பினார். மேசையைப் பார்த்தார். குப்பைக் கூடையில் குவிந்திருந்த அட்டைச் சுருள்களைப் பார்த்தார். கல்லாவில் போய் உட்கார்ந்தார்.

சரியாக நாலு மணிக்குச் செயலாளரம்மா வந்தார்.

கடையில் அப்போது சான்றிதழ்க்காரரும், குடும்பப் போட்டோவோடு வந்த ஒரு தம்பதியும் நின்றிருந்தார்கள். செயலாளரம்மா யாரையும் பார்க்கவில்லை. முதல் படத்தை எடுத்தார். கெட்டிலை அரை நிமிடம் பார்த்துவிட்டு, சட்டென்று திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். பின் அட்டையின் திருகை அவரே கழற்றி, கட்டியிருந்த நூல்களை விரலால் சுண்டினார்.

"நல்லா இருக்கு. கம்பி மாதிரி நிக்குது."

ஆறு படங்களையும் அப்படியே செய்தார். தையல் தெரிந்தவர்கள் அழகைப் பிறகுதான் பார்ப்பார்கள்.

"ஏழாவது?"

அக்கா துணியைக் காட்டினார். செயலாளரம்மா அதை வாங்கித் திருப்பினார். பின்பக்கத்தில் தாள் துணுக்கு. தடவிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார்.

"பசையா?" மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எல்லாரையும் பார்த்தார். "மூணு வருஷ வேலைங்க இது. யார் ஒட்டினது?"

போட்டோத் தம்பதி ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்; அவர்கள் கையிலிருந்தது வீட்டில் இருந்த ஒரே பிரதி. மில்லிமீட்டர் எழுந்தார். திருதிருவென்று முழித்தார்.

"நான்தாங்க ஒட்டச் சொன்னேன்" என்றார் அக்கா.

"நீங்களா?"

"நேரம் ஆயிடுச்சு. அவசரம். தம்பி வேண்டாம்னுதான் சொன்னான். நான் கேக்கலை."

செயலாளரம்மா துணியை மெதுவாக மேசையில் வைத்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, ஏமாற்றம் இருந்தது. அதைப் பார்ப்பதற்குக் கோபமே தேவலை.

"முப்பது பேர் வகுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்காங்க. அவங்க அவசரம்னு வந்து நின்னா, இதைத்தான் சொல்லித் தருவீங்களா?"

அக்கா துணியின் ஓரத்திலிருந்து ஒரு தாள் துணுக்கைக் கிள்ளி எடுத்தார்.

"சரி. நாளைக்குக் காலையில ஆறு படத்தை மாட்டிடுங்க. இந்த ஏழாவதை மாட்ட வேண்டாம், என் மேசை மேல வெச்சிடுங்க. பார்த்துட்டுச் சொல்றேன். வகுப்பு விஷயம்..." கையிலிருந்த தன் குடையை விரித்து வெளியே வெயிலைப் பார்த்தார். "திங்கட்கிழமை கமிட்டி இருக்கு. பேசிட்டுச் சொல்றேன்."

உறுதி என்று சொல்லியிருந்தது, பேசிட்டுச் சொல்றேன் ஆகிவிட்டது. மாடி அறை அவ்வளவு தூரம் தள்ளிப் போய்விட்டது.

செயலாளரம்மாவும் வாடிக்கையாளர்களும் போனபிறகு மில்லிமீட்டர் அக்கா முன்னால் வந்து நின்றார்.

"ஏங்க்கா அப்படிச் சொன்ன?"

"நாலு பேர் நிக்கறாங்க. நீ முழிச்ச முழி எனக்குத் தாங்கலைடா."

"உன் வேலை போகப் போகுது."

"போனா போகுது. உன் கடை இருபது வருஷக் கடை." அக்கா மடக்கு நாற்காலியில் சாய்ந்தார். அன்று முதல் தடவையாகக் களைத்துத் தெரிந்தார். "ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. நான் எங்கயும் போகக் கூடாதுன்னா, போகாதேன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லு. குடை என்னடா பண்ணுச்சு உனக்கு?"

மில்லிமீட்டர் தரையைப் பார்த்தார். காலையில் மனைவி கேட்ட கேள்வியும் இதுவும் ஒன்றுதான்.

அக்கா வீட்டுக்குப் போய்ப் படுத்தார். மனைவி புதிய அட்டையை எடுத்து, ஊசியில் நூல் கோக்க உட்கார்ந்தார்.

"இங்க குடு" என்றார் மில்லிமீட்டர்.

"உங்களுக்கு வராதுங்க."

"குடுன்னா குடு."

இருபது வருடமாக அந்தக் கடையில் மரம் அறுத்திருக்கிறார், கண்ணாடி வெட்டியிருக்கிறார். ஊசி பிடித்ததில்லை. கோப்பதற்கே ஏழு தடவை ஆயிற்று.

"ஓரத்துல ஆரம்பிக்காதீங்க. நடுவுல. நடுவுல இருந்து ரெண்டு பக்கமும் போகணும். இல்லேன்னா குடை சாஞ்சுடும்."

"ம்."

"ரொம்ப இழுக்காதீங்க, துணி கிழியும். ஐயோ, இவ்வளவு லூசாவும் விடாதீங்க. என்னங்க மில்லிமீட்டர், சென்டிமீட்டர் ஆயிட்டீங்க?"

"நீ போய் அக்காவுக்கு ஏதாவது சாப்பிடக் குடு. மத்தியானமும் சாப்பிடலை."

மனைவி போனார். பொழுது சாய்வதற்குள் மில்லிமீட்டர் இரண்டு தடவை பிரித்து, மூன்றாம் தடவை கட்டி முடித்தார். விரலில் நாலு இடத்தில் ஊசி குத்தியிருந்தது. சுண்டிப் பார்த்தார். மனைவி கட்டிய அளவுக்கு இல்லை. ஆனால் நின்றது.

சட்டத்தில் போடும் முன் அக்காவிடம் எடுத்துப்போய்க் காட்டினார். நிழல் இன்னும் இருந்தது. "இதை என்ன பண்றது?" என்று கேட்டார்.

அக்கா படுத்தபடியே தலையைத் தூக்கிப் பார்த்தார். "இருக்கட்டும். குடையில இருந்து சொட்டின தண்ணின்னு நெனச்சுப்பாங்க."

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மில்லிமீட்டர் தனியாக ஏழு படங்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நூலகத்துக்குப் போனார். காவலாளி கூடத்தைத் திறந்துவிட்டு, "மாட்டிக்கிட்டு இருங்க, ஒரு டீ குடிச்சுட்டு வந்துடறேன்" என்று போய்விட்டார்.

ஏழு ஆணி அடித்தார். மட்டம் பார்த்தார். ஆறு படங்களை மாட்டினார். ஏழாவதைச் செயலாளரம்மா மேசைக்கு எடுத்துப்போனார்.

அவர் கடையில் ஒவ்வொரு படத்தின் பின்பக்கமும் ஒரு சீட்டு ஒட்டுவது வழக்கம். தைத்தவர் பெயர், சட்டம் போட்ட நாள். ஆறு சீட்டுகளை மனைவி எழுதியிருந்தார். இந்தச் சீட்டு காலியாக இருந்தது. மில்லிமீட்டர் பென்சிலை எடுத்தார். எழுத்து நேராக வருவதற்காக முதலில் ஸ்கேல் வைத்து மூன்று கோடு போட்டார். பிறகு, அந்த மூன்று கோடும் போதாமல் சீட்டின் ஓரம் வரை எழுதினார்:

"இதைப் பசை போட்டு ஒட்டியது நான். அக்கா மூன்று தடவை வேண்டாம் என்றார். வீட்டை விட்டுப் போய்விடுவார் என்ற பயத்தில் தெரிந்தே செய்தேன். நேற்று அவர் சொன்னது எனக்காக. பசையைப் பிரித்தெடுத்தது அவரும் என் மனைவியும். திரும்பக் கட்டியது நான். கட்டு சரியில்லையென்றால் அதற்கும் அவர் பொறுப்பில்லை."

ஒரு தடவை படித்தார். 'தெரிந்தே' என்ற சொல்லின்மேல் பென்சில் நுனி கொஞ்ச நேரம் நின்றது. அடிக்கவில்லை.

கூடத்தின் ஓரத்தில் மாடிக்குப் போகும் படி தெரிந்தது. மேலே ஒரு கதவு. அதில் புதுப் பூட்டு. அதை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு படத்தை மேசையின் நடுவில், சீட்டு மேலே தெரியும்படி குப்புற வைத்தார். நாலு பக்கமும் விளிம்புக்குச் சமதூரம் இருக்கிறதா என்று பார்த்து, கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தினார்.

காவலாளி வாயைத் துடைத்துக்கொண்டு வரும்போது அவர் ஏணியை மடித்துவிட்டிருந்தார்.

"என்ன சார், ஒரு ஆணி சும்மா நிக்குது?"

"அது அப்படியே இருக்கட்டும்" என்றார் மில்லிமீட்டர். "பிடுங்கிடாதீங்க."